10 கேஜ் என்று சொல்லி 14 கேஜ் கம்பி: நாய்க்கூண்டு போடப் போகிறவர்கள் கவனத்துக்கு

கோத்தகிரி, குன்னூர் பக்கம் வீட்டுக்கு வேலியோ நாய்க்கூண்டோ போடும் யோசனையில் இருப்பவர்கள், அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள். எங்களுக்குப் போனது 52,000 ரூபாய். பணத்தைவிட எனக்கு உறுத்துவது, என் பேச்சை நம்பி எங்கள் தெருவில் இன்னும் இரண்டு வீட்டார் அதே ஆளிடம் வேலையைக் கொடுத்தார்கள் என்பதுதான். அதனால்தான் எதையும் மறைக்காமல் எழுதுகிறேன்.

எங்கள் வீடு அரவேணு பக்கம், தெருவின் கடைசி. பின்பக்கம் தேயிலை, அதைத் தாண்டினால் சோலை. கரடியும் காட்டுமாடும் எங்களுக்குப் பழக்கம்தான். ஆனால் போன ஆடி மாதம் இரண்டு வீடு தள்ளி, வாசலில் சங்கிலியில் கட்டியிருந்த நாயைச் சிறுத்தை கொண்டுபோய்விட்டது. காலையில் சங்கிலி மட்டும் படிக்கட்டில் கிடந்தது. கட்டிப் போட்ட நாயால் ஓடக்கூட முடியாது, அதை நினைத்தாலே வயிறு கலங்குகிறது. 2023 தீபாவளி சமயம் குன்னூர் புரூக்லேண்ட்ஸில் நாயைத் துரத்திக்கொண்டு சிறுத்தை ஒரு வீட்டுக்குள்ளேயே புகுந்து, மீட்கப் போன தீயணைப்பு வீரர்கள் உட்படப் பலரைக் காயப்படுத்தியதை இங்கே யாரும் மறந்திருக்க மாட்டார்கள்.

எங்களிடம் இரண்டு நாய்கள். செவலை, நாலு வயது நாட்டு நாய். இன்னொன்று குட்டி. பெயர்தான் குட்டி, வயது பதினொன்று, இரண்டு கண்ணிலும் புரை. ராத்திரி வீட்டுக்குள் விடலாம் என்றால் மாமியாருக்கு வீசிங், நாய் முடி ஒத்துக்கொள்ளாது. சரி, சமையலறைச் சுவரை ஒட்டி மேலேயும் கம்பி போட்டு மூடிய கூண்டு ஒன்று கட்டிவிடலாம் என்று முடிவு செய்தோம்.

சமவெளியிலிருந்து மேலே வந்து வேலை எடுக்கும் ஒருவர் கிடைத்தார். தன்மையான பேச்சு. செவலையின் தலையைத் தடவிக்கொண்டே அளவெடுத்தார். 12 அடிக்கு 8 அடி, உயரம் 7 அடி. மேல்பக்கமும் சேர்த்து 376 சதுர அடி. 2 இஞ்ச் கட்டம், 10 கேஜ் வெல்டு மெஷ் (வெல்டு செய்த கம்பி வலை; கேஜ் என்பது கம்பியின் கனத்தைக் குறிக்கும் எண்), ஒன்றரை இஞ்ச் ஜிஐ பைப் (துத்தநாகம் பூசிய இரும்புப் பைப்), தூண்கள் 2 அடி ஆழத்தில் கான்கிரீட். சதுர அடிக்கு 170 ரூபாய் என்று 63,920 வந்தது, அதை 63,000 ஆக்கினார். டைரித் தாளில் தன் கையாலேயே எழுதிக் கொடுத்தார். "பில் போட்டா ஜிஎஸ்டி சேரும் அக்கா, இப்படியே முடிச்சுக்கலாம்" என்றார். நான் சரி என்றேன். அந்த ஒரு சரிதான் பின்னால் எங்கள் கையைக் கட்டிப் போட்டது.

அட்வான்ஸ் 40,000. தூண் நட்டதும் 12,000. மெஷ் அடித்த அன்று நான் ஆபீஸ் போயிருந்தேன், என் வீட்டுக்காரர் தேயிலைக்கு மருந்தடிக்கப் போயிருந்தார். சாயங்காலம் வந்து பார்த்தால் வெள்ளி நிறத்தில் பளபளவென்று நிற்கிறது கூண்டு. தொட்டுப் பார்த்தேன், கம்பி கொஞ்சம் சன்னமாகத் தெரிந்தது. கேட்டேன். சிரித்துக்கொண்டே, "10 கேஜ் ஸ்டாக் இல்லக்கா. உங்களுக்காக 14 கேஜே போட்டிருக்கேன். நம்பர் கூடக் கூட கனம் கூடும். அதே விலைதான், நீங்க கூடுதலா தர வேணாம்" என்றார். 14 பெரிதா 10 பெரிதா என்றால் 14 என்றுதானே நினைப்போம்? நானும் அப்படியே நினைத்தேன். அன்று ராத்திரியே தெரு வாட்ஸாப் குழுவில் படம் போட்டு, நல்ல மனிதர், நம்பிக் கொடுக்கலாம் என்று எழுதினேன்.

உண்மை நேர் எதிர். கம்பியில் கேஜ் எண் ஏற ஏறக் கனம் குறையும். 10 கேஜ் என்பது 3.25 மில்லிமீட்டர். 14 கேஜ் 2.03 மில்லிமீட்டர்தான், சைக்கிள் ஸ்போக்ஸ் கம்பி அளவு. பார்வைக்கு ஒரு மில்லிமீட்டர் சொச்சம்தானே என்று தோன்றும். ஆனால் எடையில் பாருங்கள்: ஒரே கட்ட அளவில் 10 கேஜில் 100 கிலோ பிடிக்கும் இடத்துக்கு 14 கேஜில் 39 கிலோ போதும். பாதி இரும்புகூட இல்லை. விலை மட்டும் முழுசு.

இதெல்லாம் எங்களுக்கு மூன்று வாரம் கழித்துத்தான் தெரிந்தது. ஐப்பசி மழை பிடித்துக்கொண்ட நேரம். ஒரு ராத்திரி இரண்டு மணி இருக்கும், செவலை குரைக்கிற சத்தம் கூண்டுப் பக்கம் இல்லாமல் தேயிலைக்குள்ளிருந்து வந்தது. டார்ச் எடுத்துக்கொண்டு ஓடினோம். கூண்டின் கீழ் மூலையில் கம்பி வெளிப்பக்கம் வளைந்து, ஏழெட்டு இடத்தில் வெல்டு விட்டிருந்தது. வேறெதுவும் உடைக்கவில்லை. செவலையே மூக்கால் முட்டி, காலால் பறித்து வெளியே போயிருக்கிறது. குட்டி மட்டும் உள்ளே மூலையில் நடுங்கிக்கொண்டு நின்றது. கொஞ்ச நேரத்தில் குரைப்புச் சத்தமும் நின்றுவிட்டது. அந்த அமைதியில் நாங்கள் நின்ற நிலையை என்னால் எழுத முடியவில்லை. விடிய ஐந்து மணிக்கு செவலை தானாக வந்து படியில் படுத்தது. முன்னங்கால் பாதத்தில் இரண்டு இஞ்ச் நீளத்துக்குக் கிழிசல். வேலை முடிந்தபோது வெட்டிப்போட்ட கம்பித் துண்டுகளைக் கூண்டைச் சுற்றிப் புல்லுக்குள்ளேயே விட்டுப் போயிருக்கிறார்கள். பிறகு நான் ஒரு காந்தத்தைக் கயிற்றில் கட்டி இழுத்துப் பொறுக்கினேன், அரை வாளி சேர்ந்தது. கால்நடை மருத்துவமனையில் நாலு தையல்.

நாய் உடைக்கிற கூண்டு சிறுத்தையை எப்படித் தடுக்கும்?

அந்த ஞாயிற்றுக்கிழமை அண்ணன் மகன் வந்திருந்தான். ஐடிஐயில் ஃபிட்டர் படிக்கிறான். கனம் அளக்கும் கருவியான வெர்னியரை வைத்து அளந்து, "அத்தை, இது ரெண்டு மில்லிதான்" என்றான். அவனே அரத்தை எடுத்துப் பைப்பைச் சுரண்டினான். வெள்ளி நிறம் தோல் மாதிரி உரிந்து வந்தது, உள்ளே சிவப்புத் துரு. சாதாரண இரும்புப் பைப்புக்கு வெள்ளிப் பெயின்ட். நிஜமான ஜிஐ பைப்பில் துத்தநாகப் பூச்சு உள்பக்கமும் இருக்கும், முனையில் கண்ணை வைத்துப் பார்த்தாலே தெரிந்துவிடும். எங்கள் பைப்பில் ஒரு முனைகூடத் திறந்தில்லை, எல்லாவற்றையும் தகடு வைத்து அடைத்து வெல்டு செய்திருந்தார். கதவுத் தூண் சாய்ந்திருந்தது, அதையும் தோண்டிப் பார்த்தோம். ஓரடி ஆழம். ஜல்லியே இல்லை, செம்மண்ணோடு கொஞ்சம் சிமென்ட் தூவி மூடியிருந்தது. நம் மண் ஒரு வாரம் மழை குடித்தால் குழம்பாகிவிடும். அதில் ஓரடித் தூண் எப்படி நிற்கும்?

போன் செய்தேன். முதலில் மழையைச் சொன்னார், அப்புறம் நாயைச் சொன்னார். தாளில் 10 கேஜ் என்று அவர் எழுதியதைப் படம் எடுத்து அனுப்பியதும் குரல் மாறியது. கடைசியில் சொன்னதுதான் இந்தப் பதிவிலேயே முக்கியமான விஷயம். "கவலைப்படாதீங்கக்கா, அடியில ஒரு கம்பி சுத்தி உங்க வீட்டு லைன்லருந்தே கரண்ட் குடுத்துடறேன். எதுவும் கிட்ட வராது. காசு வேணாம்."

தயவுசெய்து இதற்கு யாரும் தலையாட்டாதீர்கள். முறையான சோலார் வேலியில் இருக்கும் எனர்ஜைசர் பெட்டி ஒரு நொடிக்கு ஒருமுறை கண் இமைக்கும் நேரத்துக்கும் குறைவாகத் துடிப்பு அனுப்பும். சுண்டி விரட்டும், அவ்வளவுதான். வீட்டு லைன் அப்படியில்லை. 230 வோல்ட் விடாமல் பாயும், தசை இறுகிப் பிடித்துக்கொள்ளும், தொட்டது விடுபடாது. மழை ராத்திரியில் அதைத் தொடப்போவது சிறுத்தை மட்டுமா? நம் நாய், பால் கொண்டுவரும் பையன், இலை பறிக்க வரும் அக்காமார் எல்லோரும்தான். 2023 மார்ச்சில் தர்மபுரி மாரண்டஹள்ளி பக்கம் திருட்டு மின்வேலியில் மூன்று யானைகள் செத்து, இரண்டு குட்டிகள் அவற்றைச் சுற்றிச் சுற்றி நின்றதைப் பார்த்தோமே. காட்டை ஒட்டிய இடங்களில் மின்வேலி போட வனத்துறை அனுமதி வாங்கிப் பதிவு செய்ய வேண்டும் என்று அதே வருடம் அரசு விதியும் கொண்டுவந்துவிட்டது. வீட்டு லைனிலிருந்து நேராகக் கம்பிக்குக் கரண்ட் விட்டால், பிடிபடும்போது கேஸ் உங்கள் மேல்தான் வரும். கட்டிக் கொடுத்தவர் போனை அணைத்துவிடுவார்.

மறுநாள் காலை முதல் வேலையாக எதிர்வீட்டு அக்காவிடம் போனேன். அவரும் 30,000 கொடுத்திருந்தார், மெஷ் இன்னும் அடிக்கவில்லை. மேல்வீட்டு மாமாவுக்கு வேலை முடிந்து முழுப் பணமும் கொடுத்தாகிவிட்டது. அங்கேயும் அதே இரண்டு மில்லி. "நீ சொன்னியேன்னுதான்மா குடுத்தேன்" என்று மாமா ஒரே ஒரு தடவை சொன்னார். அது போதும், இன்றுவரை என் காதில் இருக்கிறது. எதிர்வீட்டு அக்கா வேலையை நிறுத்திவிட்டார், அந்த வகையில் ஒரு வீடாவது தப்பியது.

கையில் பில் இல்லை. ஆனாலும் டைரித் தாள், ஜிபேயில் பணம் போன விவரம், வாட்ஸாப் பேச்சு எல்லாம் இருக்கிறது. நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகாரைப் பதிவு செய்தோம். அடுத்து ஊட்டியில் உள்ள மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்கு மூன்று வீடும் போகப் போகிறோம். 5 லட்சம் வரையான விவகாரத்துக்குக் கட்டணம் இல்லை, இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும். பாக்கி 11,000-ஐக் கேட்டு அவர் இன்னும் மெசேஜ் அனுப்பிக்கொண்டுதான் இருக்கிறார், கொடுப்பதாக இல்லை.

நீங்கள் வேலை கொடுப்பதாக இருந்தால் கம்பி கனத்தை கேஜில் எழுத விடாதீர்கள், மில்லிமீட்டரில் எழுதி வாங்குங்கள். மெஷ் சுருள் வண்டியிலிருந்து இறங்கும்போது நீங்களே வீட்டில் இருங்கள். ஒரு பால்பாயிண்ட் ரீஃபிலைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் போதும், கம்பி ஏறக்குறைய அந்தக் கனமாவது இருக்க வேண்டும். பைப் முனையை அடைப்பதற்கு முன் உள்ளே பாருங்கள். குழிக்குக் கான்கிரீட் ஊற்றும்போது ஒரு கம்பை விட்டு ஆழத்தை அளந்துகொள்ளுங்கள். தரமான ஆள் இதற்கெல்லாம் கோபித்துக்கொள்ள மாட்டார். இப்போது எங்களுக்குப் புதுக் கூண்டு போட்ட உள்ளூர் பட்டறை அண்ணன், நான் கேட்கும் முன்பே வெட்டிய பைப்பை என் கண்ணுக்கு நேராகப் பிடித்து, "பாத்துக்கங்கம்மா" என்றார்.

இன்னொன்று. கோழிக்கழிவை மூட்டை கட்டி ஓடை வளைவில் போடுவது நிற்காதவரை தெருநாய்கள் அங்கே கூடும், அவற்றைத் தேடிச் சிறுத்தையும் வரும். எத்தனை கூண்டு போட்டும் என்ன? கலெக்டர் ஆபீசில் திங்கட்கிழமை குறைதீர்க்கும் கூட்டத்தில் கொடுக்க மனு தயாராகி வருகிறது. இதுவரை பதினேழு கையெழுத்து. உங்கள் வீட்டிலிருந்தும் ஒன்று வேண்டும்.

செவலைக்குத் தையல் பிரித்தாயிற்று, இன்னும் லேசாக நொண்டுகிறது. அண்ணன் மகன் வெர்னியரை எங்களிடமே விட்டுப் போயிருக்கிறான். கூண்டோ வேலியோ போட்ட வீடுகள் யாராக இருந்தாலும், சனிக்கிழமை சாயங்காலம் வந்து எடுத்துப் போய் அளந்து பாருங்கள். கூப்பிட்டால் நானே வருகிறேன்.