எஸ்ஆர்எஸ்ஸா, யூஸ் கேஸா, யூசர் ஸ்டோரியா?

அஜைல் (மென்பொருளைச் சிறு சிறு சுற்றுகளாக உருவாக்கும் முறை) என்றால் ஆவணமே வேண்டாம் என்று நினைப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். 2001இல் வந்த அஜைல் அறிக்கை, விரிவான ஆவணங்களைவிட ஓடுகிற மென்பொருளுக்கு மதிப்பு அதிகம் என்றது. அவ்வளவுதான், எழுதவே கூடாது என்று சொல்லவில்லை. சரி, மென்பொருள் என்ன செய்ய வேண்டும் என்பதை எந்த வடிவில் எழுதலாம்? பயனர் பார்வையில் ஓரிரு வரியாக எழுதும் யூசர் ஸ்டோரியா, படிப்படியாக எழுதும் யூஸ் கேஸா, எல்லாத் தேவைகளையும் ஒரே ஆவணத்தில் அடக்கும் எஸ்ஆர்எஸ்ஸா?

பஸ் டிக்கெட் ஆப் ஒன்றை எடுத்துக்கொள்வோம். பயணி யுபிஐயில் பணம் கட்டுகிறார். கணக்கிலிருந்து பணம் போய்விட்டது, சீட் உறுதியாகவில்லை.

யூசர் ஸ்டோரியில் இது இரண்டு வரி: "பயணியாகிய நான் யுபிஐயில் பணம் கட்ட வேண்டும், கவுன்ட்டருக்கு அலையாமல் டிக்கெட் எடுக்க." ஐந்து நிமிட வேலை. பணம் போய் சீட் வராத கதை இதில் எங்கேயும் இல்லை. ஸ்டோரிக்கு மூன்று பாகங்கள் உண்டு என்று 2001இலேயே அஜைல் முன்னோடிகளில் ஒருவரான ரான் ஜெஃப்ரீஸ் எழுதினார்: அட்டை (அந்த இரண்டு வரி), உரையாடல், உறுதிப்படுத்தல். பல டீம்களில் அட்டையை ஜிரா என்ற வேலைப்பட்டியல் மென்பொருளில் ஏற்றுவதோடு சரி, மற்ற இரண்டும் காணாமல் போகின்றன. விடுபட்டது என்ன என்பது டெஸ்டிங்கில்தான் தெரியவரும், இல்லையென்றால் பயணி போன் செய்து திட்டும்போது.

1980களில் ஸ்வீடன் மென்பொருள் பொறியாளர் ஐவர் ஜேக்கப்சன் கொண்டுவந்த யூஸ் கேஸ் இங்கேதான் ஜெயிக்கிறது. வழக்கமான ஓட்டத்தைப் படிப்படியாக எழுதிவிட்டு, ஒவ்வொரு படியிலும் "இது நடக்காவிட்டால்?" என்று கேட்டாக வேண்டும். "4அ. வங்கியிடமிருந்து பதில் வரவில்லை: சீட்டைப் பிடித்து வைத்து மறுபடி விசாரி. 4ஆ. பணம் வந்தது, ஆனால் சீட் இன்னொருவருக்குப் போய்விட்டது: பணத்தைத் திருப்பு." பிடித்து வைப்பது எத்தனை நிமிடம் என்ற கேள்வி உடனே பிசினஸ் தரப்புக்குப் போகும். எழுத நேரம் பிடிக்கும் என்பது உண்மை. பட்டன் பெயர், ஸ்கிரீன் நிறம் எல்லாம் உள்ளே நுழைந்துவிட்டால் அடுத்த ஸ்பிரின்ட்டிலேயே (குறுகிய வேலைச் சுற்று) அது பழசாகிவிடும்.

இதே கிளைகளை, சாதாரண வாக்கியங்களில் டெஸ்ட் எழுத உதவும் கெர்கின் வடிவிலும் எழுதலாம், குக்கும்பர் என்ற கருவியில் அது டெஸ்டாகவே ஓடும். அம்சம், காட்சி, கொடுக்கப்பட்ட, எப்போது, அப்பொழுது என்று தமிழிலேயே எழுதினாலும் குக்கும்பர் ஏற்றுக்கொள்ளும். எல்லா ஸ்கிரீனுக்கும் எழுதப் போனால் பராமரிப்பே தனி வேலையாகிவிடும்.

எஸ்ஆர்எஸ்ஸுக்கு ஐஇஇஇ 830 என்ற தரநிலை நெடுங்காலம் வழிகாட்டியது. 2011இல் அதன் இடத்தை 29148 தரநிலை பிடித்தது. இரண்டு வாரத்துக்கு ஒருமுறை மாறும் பொருளுக்கு நூறு பக்க எஸ்ஆர்எஸ்ஸை யாரும் திருத்திக்கொண்டிருக்க மாட்டார்கள். ஆனால் வேகம், பாதுகாப்பு, தரவை எவ்வளவு காலம் வைத்திருப்பது போன்றவை எந்த ஒரு ஸ்டோரிக்குள்ளும் அடங்குவதில்லை. அந்தப் பகுதியை மட்டும் இரண்டு பக்கத்தில் எழுதி வைப்பேன்.

என் தேர்வு: பேக்லாக் (செய்ய வேண்டிய வேலைகளின் பட்டியல்) முழுக்க ஸ்டோரி, பணமும் ரீஃபண்டும் தொடும் இடங்களில் மட்டும் யூஸ் கேஸ். வேலையை நிலையான விலைக்கு வெளி நிறுவனத்திடம் ஒப்படைத்திருந்தால் கணக்கு வேறு. "இது ஒப்பந்தத்தில் இல்லையே" என்று அவர்கள் சொல்லும் நாளில் அட்டைகளைக் காட்டி வாதாட முடியாது. அங்கே முழு எஸ்ஆர்எஸ்ஸும் அதன் கீழே இரு தரப்புக் கையெழுத்தும் வேண்டும்.