சவாரித் திடலில் ஆயிரத்தில் ஒன்றா, அறுபதில் ஒன்றா?

இலங்கையின் வன்னியில் மாட்டுவண்டிச் சவாரி என்னும் பந்தயம் நடக்கும் திடலோரம் கமராவுடன் நிற்பவர் முதலில் தீர்மானிக்க வேண்டியது ஷட்டர் வேகத்தை, அதாவது ஒளி உள்ளே விழ ஷட்டர் திறந்திருக்கும் நேரத்தைத்தான். 1/1000 செக்கனில் காளைகளை அந்தரத்தில் நிறுத்தலாம். அல்லது 1/60 செக்கனை வைத்து, வண்டி ஓடும் திசையிலேயே கமராவையும் திருப்பி, பின்னால் நிற்கும் சனத்தையும் பனைகளையும் வெறும் கோடுகளாக இழுத்துவிடலாம்.

மணிக்கு 36 கிலோமீற்றர் வேகத்தில் ஓடும் வண்டி ஒரு செக்கனில் 10 மீற்றர் கடக்கிறது. 1/1000 செக்கனில் அது நகர்வது 1 சென்ரிமீற்றர் மட்டுமே. 1/60 செக்கனிலோ ஏறத்தாழ 17 சென்ரிமீற்றர். பாயும் குதிரையின் நான்கு கால்களும் ஒரு கணம் நிலத்தை விட்டு எழுகின்றன என்பதை 1878 இல் புகைப்படக் கலைஞர் மைபிரிட்ஜ் கலிபோர்னியாவில் படம்பிடித்துக் காட்டியதும் இத்தகைய குறுகிய ஒளிபடுநேரத்தால்தான். காளையின் வாய் நுரையும் குளம்படியில் தெறிக்கும் செம்மண்ணும் 1/1000 இல் துல்லியமாக விழும். ஆனால் சில்லின் ஆரக்கால்களும் எண்ணக்கூடியபடி நின்றுவிடுவதால், காளைகளை விரலால் மறைத்துப் பார்த்தால் வண்டி யாரோ முற்றத்தில் விட்டுவைத்தது போலிருக்கும். எனக்கு அந்தப் படங்களில் மனம் ஒட்டுவதில்லை.

1/60 செக்கனில் ஓட்டம் தெரியும், ஆனால் கூலி அதிகம். காலை ஊன்றி, இடுப்பிலிருந்து திரும்பி, வண்டி எதிரே வருவதற்கு முன்பே அதைத் தொடரத் தொடங்கி, ஷட்டர் மூடிய பின்னும் நிறுத்தாமல் திரும்ப வேண்டும். அப்படிச் செய்தாலும் காளைகளின் தலை மேலும் கீழும் ஆடுவதைப் பக்கவாட்டுத் திருப்பல் ஈடுசெய்யாது. வண்டி தெளிவாக இருக்க, கொம்பு இரண்டாகத் தெரியும். ஒரு தை மாதத்தில் நான் எடுத்த நாற்பது படங்களில் தேறியவை மூன்று.

வெளிச்சத்திலும் இரண்டும் எதிரெதிர். 1/1000 இலிருந்து 1/60 க்கு இறங்கினால் ஏறத்தாழ பதினாறு மடங்கு ஒளி உள்ளே வரும். நண்பகல் வெயிலில் ஐஎஸ்ஓ எனும் ஒளியுணர்திறனை 100 இல் விட்டு 1/60 வைத்தால் வில்லையின் துவாரத்தை எஃப் 20 வரை ஒடுக்க நேரும் (எஃப் எண் கூடக்கூடத் துவாரம் சிறுக்கும்). அவ்வளவு ஒடுக்கினால் கூர்மை குறைவதோடு, சென்சரில் ஒட்டிய செம்மண் தூசியும் வானத்தில் கரும்புள்ளிகளாகக் கிளம்பும். எட்டிலொரு பங்கு ஒளியை மட்டும் விடும் கருங்கண்ணாடி வடிகட்டி ஒன்றைப் போட்டால் எஃப் 7 அளவிலேயே எடுக்கலாம். பொழுதுபடும் வேளையில் நிலைமை தலைகீழ்: 1/60 க்கு ஐஎஸ்ஓ 100 போதுமான இடத்தில் 1/1000 க்கு 1600 தேவைப்படும், நிழலில் மணல்மணலாகப் புள்ளி விழும்.

நந்திக்கடல் களப்பில் வீச்சுவலை விரியும் கணத்துக்கு இந்த வாதமே தேவையில்லை, 1/1000 தான். இரணைமடுக் குளத்தின் வான்கதவுகளில் பாயும் நீருக்கு முக்காலியும் கால் செக்கனும் வேண்டும். அங்கே வேகமான ஷட்டர் நீரைக் கண்ணாடித் துண்டுகளாக்கிவிடும்.

சவாரியில் நான் செய்வது இதுதான்: வண்டிகள் புறப்படும் இடத்தில், காளைகள் எப்பக்கம் துள்ளும் என்று தெரியாததால், 1/1000, நடுத்திடலில் ஓட்டம் நேர்கோடானதும் 1/60. தேறிய அந்த மூன்றில் ஒன்றில் ஓட்டுபவரின் கடித்த உதடு தெளிவாக இருக்கிறது. அவருக்குக் கீழே சில்லு ஆரக்கால்களே இல்லாத புகைவட்டமாகச் சுழல்கிறது.