டிஸ்கோனா, லாக் பீரியாடிக்கா, ரெசிஸ்டர் டைபோலா? அகலப்பட்டை ஆன்டெனா தேர்வு

கேபிளின் நுனியில் 50 ஓம் டம்மி லோடை (ஊட்டும் திறனையெல்லாம் வெப்பமாக்கிவிடும் சோதனை ரெசிஸ்டரை) மாட்டிப் பாருங்கள். எந்த அதிர்வெண்ணிலும் எஸ்.டபிள்யூ.ஆர். 1:1 என்றே, அதாவது திறன் எதுவும் திரும்பி வரவில்லை என்றே, மீட்டர் காட்டும். ஆனால் அதை வைத்து அடுத்த தெருவோடுகூடப் பேச முடியாது. அகலப்பட்டை ஆன்டெனா விளம்பரங்களைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு இந்த டம்மி லோடுதான் நினைவுக்கு வருகிறது. மீட்டர் காட்டும் எண் அழகாக இருக்கட்டும், நாம் ஊட்டிய வாட் எல்லாம் எங்கே போகிறது?

சிற்றலையில் இந்தக் கேள்வி நடுவில் ரெசிஸ்டர் வைத்த மடிப்பு டைபோலைத்தான் முதலில் குத்துகிறது. (டைபோல் என்பது நடுவில் கேபிள் சேரும் எளிய கம்பி ஆன்டெனா.) இணையாக ஓடும் இரு கம்பிகளில் ஒன்றின் நடுவே பாலன் (கம்பியையும் கேபிளையும் பொருத்தும் மின்மாற்றி) வழியாகக் கேபிள் சேரும். மற்றதன் நடுவே சில நூறு ஓம் ரெசிஸ்டர் இருக்கும். கம்பி ஏற்காத திறன் டிரான்ஸ்மிட்டருக்குத் திரும்பாமல் அங்கே வெப்பமாகக் கரைந்துவிடும். நீளம், கீழ் எல்லையின் அலைநீளத்தில் மூன்றில் ஒரு பங்கு: 3.5 மெகாஹெர்ட்ஸுக்குச் சுமார் 28 மீட்டர். அதைவிடக் குட்டையாகக் கட்டினால் கீழ்ப்பட்டைகளில் ரெசிஸ்டர்தான் நன்றாகக் குளிர்காயும்.

ஹாம் (பொழுதுபோக்கு வானொலியாளர்) ஒருவருக்கு இது நஷ்ட வியாபாரம் என்பேன். அவருடைய பட்டைகள் குறுகியவை, எவை என்பதும் முன்பே தெரியும். சாதாரண டைபோலும், அதை டிரான்ஸ்மிட்டருக்குப் பொருத்தும் டியூனரும் இருந்தால் போதும். வணிக நிலையத்தின் கதை வேறு. தானியங்கி இணைப்பு முறையில் வானொலி நொடிக்கு நொடி அலைவரிசை தாவும்போது டியூனருக்காகக் காத்திருக்க நேரமில்லை. அங்கே சில டெசிபல் இழப்பு, நம்பகத்தன்மைக்குக் கொடுக்கும் கூலி.

லாக் பீரியாடிக் யாருக்கும் வஞ்சகம் செய்வதில்லை. 1950களில் இல்லினாய் பல்கலைக்கழகத்தில் உருவானது. படிப்படியாகக் குறுகும் தண்டுகளில், அந்தந்த அதிர்வெண்ணுக்கு ஒத்திசையும் இரண்டு மூன்று மட்டும் வேலை செய்யும், மற்றவை சும்மா நிற்கும். அதனால் அதே நீளப் பூம் (தண்டுகளைத் தாங்கும் நடுக்குழாய்) உள்ள யாகியின், அதாவது குறுகிய பட்டைக்கான திசை ஆன்டெனாவின், ஆதாயம் (ஒரு திசையில் திறனைக் குவிக்கும் அளவு) இதற்குக் கிடைக்காது. ஆனாலும் 14 முதல் 30 மெகாஹெர்ட்ஸ் வரையிலான ஐந்து ஹாம் பட்டைகளையும் ஒரே கேபிளில் தரும். விலை, எடை, காற்றின் அழுத்தம், ஆன்டெனாவைத் திருப்பும் ரொட்டேட்டர் ஆகிய நான்கையும் தாங்கும் கோபுரம் இருந்தால் வாங்கலாம்.

சிற்றலைக்கு மேலுள்ள வி.எச்.எஃப்., யூ.எச்.எஃப். அதிர்வெண்கள் பக்கம் பலரும் கண்ணை மூடிக்கொண்டு எடுப்பது டிஸ்கோன். கூம்பின் மேல் ஒரு தட்டு. கூம்பின் சாய்நீளம் கீழ் எல்லையில் கால் அலைநீளம் என்றால், தட்டின் விட்டம் அதில் ஏறத்தாழ 70 சதவீதம். 144 மெகாஹெர்ட்ஸில் தொடங்க அரை மீட்டர்க் கூம்பு போதும். அங்கிருந்து பத்து மடங்கு வரை அதிர்வெண்ணை இழுக்கும், அதுவும் ரெசிஸ்டர் இல்லாமலேயே. எல்லாத் திசையிலும் கேட்கும். ஆதாயம் டைபோல் அளவுதான். அதிர்வெண் மேலே போகப் போக கதிர்வீச்சு வானத்தை நோக்கி நிமிர்ந்துவிடும். டைபோலுக்குச் சுமார் 2 டெசிபல் என்று வைக்கும் அதே அளவுகோலில் 7 டெசிபல் தரும் லாக் பீரியாடிக்கோடு ஒப்பிட்டால் வித்தியாசம் சுமார் 5 டெசிபல், அதாவது மூன்று மடங்கு திறன். எல்லாவற்றையும் கேட்பதே இதன் குற்றமும்கூட. என் டிஸ்கோனில் முதல் வாரம் முழுவதும் எஃப்.எம். ஒலிபரப்புதான் ரிசீவரைத் திணறடித்தது; 88–108 மெகாஹெர்ட்ஸை வெட்டும் வடிகட்டி போட்ட பிறகுதான் வலுவற்ற நிலையங்கள் தலைகாட்டின.

இவ்வளவு அகலம் உண்மையில் தேவையா என்று பலரும் யோசிப்பதில்லை. 144 மெகாஹெர்ட்ஸ் ஹாம் பட்டையும் 136–174 வணிகப் பட்டையும் வேண்டும் என்றால், அது மையத்தின் கால் பங்கு அகலம்தான். தடித்த குழாயில் செய்த மடிப்பு டைபோல் அதைச் சமாளிக்கும். நான்கை ஒன்றன் மேல் ஒன்றாக அடுக்கினால் டிஸ்கோன் கிட்டவும் வராது. ஹாமுக்கென்று விற்கும் கண்ணாடியிழைக் குச்சிகள் 144-இல் பிரமாதமாக இருக்கும், 165-இல் கைவிரித்துவிடும். ஆகவே வாங்குமுன் பெட்டிமேல் உள்ள எல்லையைப் படியுங்கள். ஆன்டெனா 165-இல் ஒத்திசைகிறது என்பதற்காக அங்கே ஒலிபரப்ப உரிமை கிடைத்துவிடாது. வணிக அலைவரிசைக்குத் தனி உரிமம் வேண்டும்.

எல்லாம் கேட்டபின்னும் டிஸ்கோனில்தான் ஒலிபரப்புவேன் என்றால், டிரான்ஸ்மிட்டருக்கு அடுத்ததாகத் தாழ்-கடத்து வடிகட்டி (தாழ்ந்த அதிர்வெண்களை விட்டு, உயர்ந்தவற்றைத் தடுப்பது) ஒன்றைப் போடுங்கள். 145-இல் பேசும்போது கூடவே கசியும் 290 மெகாஹெர்ட்ஸ் இரண்டாம் ஹார்மோனிக்கை (இரு மடங்கு அதிர்வெண்ணில் எழும் தேவையற்ற அலையை) ஒத்திசைவு டைபோல் ஓரளவு மறுத்துவிடும். டிஸ்கோன் மறுக்காது.