பாலிஸ்டைரீன் பூசிய தங்க நானோ துகள்: வாங்கலாமா?

எங்கள் ஆய்வகத்தில் இதை நாங்களேதான் தயாரிப்போம். ஆள் மாற மாறத் துகளின் அளவும் மாறித் தொலைத்ததால், இந்த முறை ரெடிமேடாக ஒரு புட்டி வரவழைத்தோம். நடுவில் தங்கம், அதில் தயால் முனையால் (தங்கத்தைப் பற்றிக்கொள்ளும் கந்தகத் தொகுதி) ஒட்டிய பாலிஸ்டைரீன் என்ற பாலிமரின் சங்கிலிகள், எல்லாம் டொலுயீன் என்ற கரைப்பானில்.

நல்ல ஒயின் சிவப்பு. நிறமாலைமானியில் ஒளி உறிஞ்சும் உச்சம் 530 நானோமீட்டரை ஒட்டி இருந்தது. துகள்கள் கட்டியாகியிருந்தால் நிறம் நீலம் தட்டியிருக்கும்.

துகள்கள் வரிசையாக அடுங்குகின்றனவா என்று பார்க்க, டைஎதிலீன் கிளைக்கால் என்ற திரவத்தின் மேல் ஒரு சொட்டு விட்டு, பெட்ரி தட்டை மூடி, டொலுயீனை நிதானமாக ஆவியாக விட்டேன். மேற்பரப்பில் ஒரு படலம் வந்தது. சாய்த்துப் பார்த்தால் பொன் மினுக்கு. அதைக் கார்பன் பூசிய செம்பு கிரிட்டில் (மாதிரியைத் தாங்கும் சிறு வலைத்தட்டு) அள்ளி எலெக்ட்ரான் நுண்ணோக்கியில் வைத்தால், ஒவ்வொரு துகளைச் சுற்றியும் ஆறு துகள், வரிசை பிசகாமல்! இடைவெளியும் ஒரே சீர். அது சங்கிலியின் உபயம்: நீளமானால் துகள்கள் விலகும், குட்டையானால் நெருங்கும். மூடியைத் திறந்துவைத்து அவசரப்பட்டால் விரிசல்தான் மிச்சம்.

குறை இல்லாமலில்லை. தங்கத்தில் ஒட்டாத உதிரி பாலிமர் ஏகத்துக்கும் கலந்திருக்கிறது. முதல் படலத்தில் திட்டுத்திட்டாக வெற்றிடம் விழுந்தது அதனால்தான். மையவிலக்கியில் சுழற்றிக் கழுவிய பிறகே ஒழுங்குக்கு வந்தது. இதைப் பற்றி லேபிளில் ஒரு வரி இல்லை. மின்னஞ்சலில் கேட்டால் அதே தகவல் தாளைத் திருப்பி அனுப்புகிறார்கள். கொடுத்த விலைக்கு இது அநியாயம்.

புதிதாகத் தொடங்குகிறவர்கள் தாராளமாக வாங்கலாம். சங்கிலி நீளத்தை மாற்றி மாற்றிப் பார்க்க வேண்டியவர்கள் சிட்ரேட் ஒட்டிய தங்கத் துகளில் தாங்களே பாலிமர் ஏற்றிக்கொள்வது மேல்.