சென்ட்ரல் சுரங்கத்தில் ஏறி காட்பாடியில் இறங்குவது

சென்னை மீனம்பாக்கத்தில் இறங்கியதும் வேலூருக்குக் கார் பேசுவதுதான் வெளிநாட்டிலிருந்து வரும் நம்மில் பலருக்கும் பழக்கம். ஆளுக்கு ஒரு பெட்டிதான், பகல் நேரம்தான் என்றால் அது தேவையே இல்லை. விமான நிலையத்தில் மெட்ரோ, சென்ட்ரலில் ரயில், காட்பாடியில் ஆட்டோ அல்லது டவுன் பஸ். வண்டிகள் தம் பாட்டுக்கு ஓடிவிடும். தடுமாற்றமெல்லாம் டிக்கெட்டிலும், ஒரு வண்டியை விட்டு இன்னொரு வண்டிக்குப் போகும் நடையிலும்தான்.

முதல் தவறு ஊரிலிருந்து கிளம்பும் முன்பே நடந்துவிடுகிறது. முன்பதிவுத் தளத்தில் ‘வேலூர்’ என்று தேடினால் வேலூர் கன்டோன்மென்ட் வரும். அது காட்பாடி–விழுப்புரம் கிளைப்பாதையில் இருக்கிறது, சென்னையிலிருந்து அங்கே நேராகப் போகும் வண்டிகள் மிகக் குறைவு. ரயிலே இல்லை போலிருக்கிறது என்று பலர் அதோடு விட்டுவிடுகிறார்கள். தேட வேண்டியது வேலூரை ஒட்டிய காட்பாடி ஜங்ஷன், குறியீடு கேபிடி. ஏறும் இடம் எம்ஏஎஸ், அதாவது சென்ட்ரல். எம்எஸ் என்றால் எழும்பூர்.

முன்பதிவு பயணத்துக்கு 60 நாள் முன்பு திறக்கிறது. கடைசி நேரத்தில் தட்கலில் பார்த்துக்கொள்ளலாம் என்று இருக்க வேண்டாம். 2025 ஜூலையிலிருந்து ஆதார் இணைத்த கணக்கில்தான் இணையத்தில் தட்கல் எடுக்க முடிகிறது. வெளிநாட்டுப் பாஸ்போர்ட் வைத்திருப்பவர்கள், ஊரில் உள்ள உறவினரிடம் சொல்லி முன்பே சாதாரண முன்பதிவு செய்துவிடுவது நல்லது. சார்ட் (பயணிகள் பட்டியல்) போட்ட பிறகு மிஞ்சும் இருக்கைகளை நிலையத்தின் கரன்ட் புக்கிங் கவுன்டரில் விற்பார்கள். பகல் வண்டிகளில் அங்கே இடம் கிடைக்க நல்ல வாய்ப்பு உண்டு.

விமான நிலைய மெட்ரோவுக்கு முனையத்திலிருந்து நடைமேம்பாலம் வழியாகவே போய்விடலாம், சாலையைக் கடக்க வேண்டியதில்லை. பெட்டிகள் ஸ்கேனரில் போய்வரும். வாட்ஸ்அப், செயலி என்று டிக்கெட் எடுக்கப் பல வழிகள் இருந்தாலும், இந்திய சிம்மும் யுபிஐயும் இல்லாதவர்களுக்கு கவுன்டர்தான் சுலபம். சில்லறை நோட்டாக வைத்துக்கொள்ளுங்கள். போனில் க்யூஆர் டிக்கெட் எடுத்தவர்கள் சார்ஜைப் பார்த்துக்கொள்ள வேண்டும், வெளியேறும் கதவிலும் அதையேதான் காட்ட வேண்டியிருக்கும். நீல வழித்தட வண்டி கிண்டி, சைதாப்பேட்டை, அண்ணா சாலை வழியாக நேரே சென்ட்ரல் போகும். கோயம்பேடு வழியாகச் சுற்றிப் போகும் பச்சை வழித்தடமும் சென்ட்ரலில்தான் முடிகிறது, ஆனால் நேரம் கூடும்.

சென்ட்ரல் மெட்ரோ இரண்டு வழித்தடமும் சந்திக்கும் பெரிய நிலையம். அங்கே அவசரம் கூடாது. நடைமேடையில் இறங்கியதும் கூட்டத்தோடு முதல் எஸ்கலேட்டரில் ஏறிவிடாமல், பலகையில் ‘சென்ட்ரல் ரயில் நிலையம்’ என்ற அம்புக்குறியைத் தேடுங்கள். கூட்டத்தில் பாதிப் பேர் மற்ற வழித்தடத்துக்கு மாறப் போகிறவர்கள். கனமான பெட்டி என்றால் லிஃப்ட்டே மேல். ஆனால் ஒரே லிஃப்ட் தெரு மட்டம் வரை கொண்டுவிடும் என்று எண்ண வேண்டாம். டிக்கெட் கதவு இருக்கும் தளத்தில் இறங்கி, வெளியே வந்து, வேறு லிஃப்ட் பிடிக்க வேண்டும். வாசல் மாறி ஏறினால் அரசுப் பொது மருத்துவமனைப் பக்கம், பெரிய சாலைக்கு எதிரே போய் நிற்க நேரும். சரியான வாசலில் ஏறினால் 1873-ல் கட்டிய அந்தச் சிவப்புக் கட்டடமும் மணிக்கூண்டும் கண்ணெதிரே நிற்கும். அதைப் பார்த்து நின்றால் இடப்பக்கம் இருப்பது மூர் மார்க்கெட் வளாகம். புறநகர் மின்ரயில்கள் அங்கிருந்துதான் கிளம்பும், காட்பாடி எக்ஸ்பிரஸ்களைத் தேடி அங்கே போகக் கூடாது. பிரதான கட்டடத்தில் 2-க்கும் 3-க்கும் நடுவே ‘2ஏ’ என்று ஒரு நடைமேடை உண்டு. அறிவிப்பில் ‘ஏ’ காதில் விழாமல் 2-ல் போய் நிற்பவர்கள் உண்டு.

மெட்ரோவை விட்டு இறங்கியதிலிருந்து ரயில் பெட்டி வாசல் வரை, முதியோர் கூட இருந்தால், முக்கால் மணி நேரம் ஒதுக்குங்கள்.

முன்பதிவில்லாமல் போகிறவர்கள் இரண்டு விஷயம் தெரிந்துகொள்ள வேண்டும். சென்ட்ரல்–காட்பாடி சுமார் 130 கிலோமீட்டர். 200 கிலோமீட்டருக்கு உட்பட்ட பொது டிக்கெட்டை எடுத்து 3 மணி நேரத்துக்குள் பயணம் தொடங்கியாக வேண்டும், ஆகவே காலையில் எடுத்து வைத்து மாலையில் ஏற முடியாது. அடுத்தது, 12, 20, 22 என்று தொடங்கும் எண்கள் சூப்பர்ஃபாஸ்ட். சாதாரண எக்ஸ்பிரஸ் டிக்கெட்டோடு அதில் ஏறினால், வித்தியாசம் 15 ரூபாய்தான் என்றாலும் பரிசோதகர் அபராதம் போடுவார். கவுன்டரில் வண்டியின் பெயரைச் சொல்லியே கேளுங்கள்.

எந்த வண்டி? மெட்ரோ காலை 5 மணிக்குத்தான் தொடங்குகிறது. எனவே 6 மணிக்கு முன்பே கிளம்பும் மைசூரு வந்தே பாரத்தை விமானத்திலிருந்து இறங்கிப் பிடிக்க முடியாது. கோவை வந்தே பாரத் காட்பாடியில் நிற்காது, பெயரைப் பார்த்து ஏமாற வேண்டாம். காலைக்கு 1964-லிருந்து ஓடும் பிருந்தாவன், பிற்பகலுக்கு லால்பாக். இரண்டுமே பகல் இருக்கை வண்டிகள், இரண்டு மணி நேரத்தை ஒட்டிக் காட்பாடி சேர்த்துவிடும். மாலையில் வேலூர் வழியாகத் திருவண்ணாமலை போகும் மெமு கடற்கரை நிலையத்திலிருந்து கிளம்புவது. அது சென்ட்ரலுக்கு வராது.

அரக்கோணம், சோளிங்கர் கழிந்து வாலாஜா ரோடு. தென்னிந்தியாவின் முதல் ரயில் 1856 ஜூலை 1-ல் ராயபுரத்திலிருந்து வந்து நின்றது இங்கேதான். இந்தப் பாதை அன்றே நம் வடாற்காட்டுக்கு வந்துவிட்டது என்பதைப் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள். முகுந்தராயபுரம் தாண்டிப் பொன்னையாற்றுப் பாலத்தில் வண்டி ஏறியதும் பெட்டிகளை இறக்கி வாசல் பக்கம் வந்துவிட வேண்டும். காட்பாடியில் வண்டி நிற்பது சில நிமிடங்கள்தான். வேலூர் சி.எம்.சி. மருத்துவமனைக்கு வரும் வங்காளம், ஜார்க்கண்ட், வடகிழக்கு நோயாளிகள் சக்கர நாற்காலியோடு அதே வாசலில் இறங்கவும் ஏறவும் செய்வார்கள். அவர்களுக்கு வழிவிட்டு இறங்க நேரம் வேண்டும். வந்தே பாரத்தில் கதவு தானாக மூடிக்கொள்ளும், கடைசி நொடியில் குதிக்க இயலாது.

காட்பாடி நிலையத்தைப் புதிதாக்கும் திட்டத்துக்கு 2022 மே மாதம் அடிக்கல் நாட்டினார்கள். முன்பு பழகிய வழியிலேயே கால் போகும். அதை நம்பாமல் அன்றைக்குத் திறந்திருக்கும் வாசலைக் கேட்டுக்கொண்டு நடங்கள்.

வெளியே வந்தால் ஆட்டோ. ஏறும் முன் தொகையும் இடமும் பேசிவிடுங்கள். ‘பஸ் ஸ்டாண்ட்’ என்று மட்டும் சொல்லக் கூடாது. பழைய பஸ் ஸ்டாண்ட் கோட்டைக்கும் சி.எம்.சி.க்கும் பக்கம், புதியது கிரீன் சர்க்கிள் பக்கம், காட்பாடியிலேயே சித்தூர் பஸ் ஸ்டாண்ட் ஒன்று தனியாக. கைப்பையோடு வருபவர்களுக்கு 1, 2 எண் டவுன் பஸ்களே போதும், பாலாற்றைக் கடந்து சி.எம்.சி. வழியாகப் பாகாயம் வரை போகும். சாதாரணக் கட்டண டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் கட்டணம் கிடையாது.

திரும்பும்போது கணக்கு வேறு. கேரளத்திலிருந்து இரவெல்லாம் ஓடிவரும் வண்டி காட்பாடிக்கே தாமதமாக வரலாம், விமானம் பிடிக்கப் போகிறவர்கள் அதை நம்பக் கூடாது. ஜோலார்பேட்டையிலேயே புறப்படும் ஏலகிரி எக்ஸ்பிரஸ் போன்ற குறுந்தூர வண்டி பாதுகாப்பானது. சில நெடுந்தூர வண்டிகள் சென்ட்ரலுக்குள் போகாமல் பெரம்பூரோடு திரும்பிவிடும். டிக்கெட்டில் இறங்கும் நிலையம் எம்ஏஎஸ் என்று இருக்கிறதா என்று பார்த்த பிறகே பணம் கட்டுங்கள்.