எங்கள் தெரு பால்வாடி: ஐந்துக்கு மூன்றரை

கடலூர் முதுநகர் பக்கம், மீனவக் குடும்பங்கள் நெருக்கமாக வாழும் தெரு எங்களுடையது. பால்வாடி என்றால் முட்டை போடுகிற இடம் என்றுதான் இங்கே பலருக்கும் நினைப்பு. தங்கை மகளை அங்கேதான் விடுகிறோம். என்னைக் கேட்டால், அங்கே இருப்பதிலேயே உருப்படியான சாமான் எடை மிஷின்தான்.

மாதாமாதம் எடை, உயரம் பார்த்து அட்டையில் புள்ளி வைக்கிறார்கள். பச்சையில் இருந்தால் சரி, மஞ்சளுக்கு இறங்கினால் டீச்சர் வீட்டுக்கே வந்துவிடுவார். பக்கத்து வீட்டுப் பையனை வெறுமனே பார்த்தால் ஒன்றும் தெரியாது, துறுதுறுவென்றுதான் இருந்தான், ஆனால் மேல்கையின் சுற்றளவு பார்க்கும் கலர் நாடாவை இடது கையில் சுற்றியதும் மஞ்சளில் நின்றது (பதினொன்றரை சென்டிமீட்டருக்குக் கீழே போனால் சிவப்பு, அது ஆபத்து). "வாந்தி பேதி வந்துச்சா, பசிச்சு சாப்பிடுறானா" என்று டீச்சர் குடைந்து கேட்டு, நர்ஸம்மாவிடம் அனுப்பிவைத்தார். காசு வாங்கும் நர்சரிகளில் இதையெல்லாம் யார் பார்க்கிறார்கள்?

சாப்பாடு பரவாயில்லை. கலவை சாதம் சூடாக இருக்கும், உப்புதான் ஒரு நாள் போல் ஒரு நாள் இருக்காது. வீட்டுக்குத் தரும் சத்துமாவில் வெல்லம் சேர்ந்தே வருகிறது. கூழாகக் காய்ச்சினால் எங்கள் குட்டி துப்பிவிடுவாள், தேங்காய்த் துருவல் போட்டுக் கொழுக்கட்டையாக அவித்தால் இரண்டு கேட்பாள். அதைப் போய் மாட்டுத் தவிட்டில் கலக்கிறவர்களும் இருக்கிறார்கள், என்ன சொல்ல.

குறை என்றால் முதலில் நேரம். மீன் எடுக்கப் போகும் பெண்கள் விடியும் முன்பே துறைமுகத்துக்குக் கிளம்பிவிடுகிறார்கள், பால்வாடி திறப்பதோ அதற்குப் பல மணி நேரம் கழித்து, அதுவரை குழந்தை பாட்டியிடமோ அக்காளிடமோதான், அந்த அக்காளுக்குப் பள்ளிக்கூடம் தாமதம். கூலிக்குப் போகிற அம்மாக்களை நினைத்து யாரும் இந்த நேரத்தை வைத்ததாகத் தெரியவில்லை. அப்புறம் அந்த செல்போன் ஆப். மாவு வாங்க வந்தவர் முகத்தைப் படம் எடுக்க வேண்டுமாம், சிக்னல் கிடைக்காமல் டீச்சர் வாசலுக்கும் உள்ளுக்கும் நடக்கிறார், உள்ளே பிள்ளைகள் பாட்டு பாதியில் நிற்கிறது. கழிவறைக் கதவின் தாழ்ப்பாள் போய் ரொம்ப நாளாகிறது, அதற்குத்தான் அரை மதிப்பெண் குறைத்தேன்.

இரண்டு வயது ஆகட்டும், அப்புறம் பார்க்கலாம் என்று இருக்காதீர்கள். கர்ப்பமாக இருக்கும்போதே பெயர் பதிந்துகொள்ளலாம், குழந்தைக்கு ஆறு மாதத்திலிருந்து மாவும் உண்டு. கட்டணம் கிடையாது. எடை போடும் நாளைக் கேட்டு வைத்துக்கொண்டு, தடுப்பூசி அட்டையையும் கையோடு எடுத்துப் போங்கள்.