மினி பிசிக்கு மூன்றாவது மானிட்டர்: சங்கிலியா, யுஎஸ்பி அடாப்டரா?

சின்னப் பெட்டியின் பின்னால் பெரும்பாலும் ஒரு ஹெச்டிஎம்ஐ, ஒரு டிஸ்ப்ளேபோர்ட், அவ்வளவுதான். இரண்டு திரைக்கு அது போதும். மூன்றாவது வேண்டுமென்றால்?

ஒன்று, டிஸ்ப்ளேபோர்ட் 1.2-இல் வந்த எம்எஸ்டி, அதாவது ஒரே போர்ட்டிலிருந்து மானிட்டர்களைச் சங்கிலியாகக் கோக்கும் முறை. கணினியிலிருந்து ஒரு கேபிள் முதல் மானிட்டருக்கு, அதன் 'அவுட்' போர்ட்டிலிருந்து இன்னொன்று அடுத்த மானிட்டருக்கு. படத்தை கிராபிக்ஸ் சிப்பே நேராக அனுப்புவதால் மவுஸ் இழுபடாது. ஆனால் ஒரே கேபிளின் கொள்ளளவைத்தான் இரண்டும் பங்கு போடுகின்றன: 1.2-இல் 60 ஹெர்ட்ஸில் 2560×1440 திரை இரண்டு ஓடும், 4கே என்றால் ஒன்றுதான். இரண்டாவது திரை கறுப்பாகவே நின்றால் கேபிளைத் திட்டுவதற்கு முன் மானிட்டர் மெனுவைப் பாருங்கள், எம்எஸ்டி அணைந்திருக்கலாம். மேக் மினிக்கு இது சரிப்படாது. மேக்ஓஎஸ் இரண்டு திரையிலும் ஒரே படத்தைத்தான் காட்டும்.

அங்கே யுஎஸ்பி வழியாகப் படத்தை அனுப்பும் டிஸ்ப்ளேலிங்க் அடாப்டர் கைகொடுக்கும். சாதாரண யுஎஸ்பி போர்ட் போதும்; கிராபிக்ஸ் சிப் இத்தனை திரைதான் என்று வைத்திருக்கும் வரம்பையும் தாண்டலாம். டிரைவர் நிறுவ வேண்டும், அப்புறம் படத்தைச் சுருக்கும் வேலை பிராசஸர் தலையில் விழும். மெயில், எக்செல் என்றால் தெரியாது. கேம் என்றால் பக்கமே போகாதீர்கள்.

விண்டோஸ் வைத்திருந்தால் நான் சங்கிலிப் பக்கம்தான்.